தத்துவத் துறையிலிருந்து ஒப்பிலக்கியத் துறைக்கு: ரிச்சர்ட் ரோர்ட்டியின் கல்விப்பணி

ரிச்சர்ட் ரோர்ட்டி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர். ஆனால் பணி ஓய்வு பெற்றபோது அவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியப் பேராசிரியராக இருந்தார். தத்துவத் துறையினர் அவரை வெளியேற்றினார்களா, அல்லது அவரே தத்துவத்தை உதறிவிட்டு இலக்கியத்தின் பக்கம் போய்விட்டாரா என்பது கேள்வி. இரண்டும் இல்லை என்பதே என் பதில். அவர் வகித்த பதவிகளின் வரிசையை அவர் எழுதியவற்றின் வரிசையோடு சேர்த்துப் படித்தால், ஒவ்வோர் இடமாற்றமும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவர் அச்சில் ஏற்றிவிட்ட ஒரு வாதத்தின் தொடர்ச்சியாக இருப்பது தெரியவரும். தத்துவத்துக்கென்று தனியான ஒரு முறை உண்டு, ஏனைய துறைகள் சொல்வது அறிவுதானா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை அதற்கு உண்டு என்ற நம்பிக்கையை அவர் முதலில் எழுத்தில் விட்டார். பிறகு அந்த நம்பிக்கையின் பெயரால் தரப்படும் பதவியையும் விட்டார். அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறியதன்று.

தொடக்கத்தைச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும், ஏனெனில் பிற்காலத்தில் எழுந்த சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது. ரோர்ட்டி 1931 இல் நியூயார்க்கில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ரோர்ட்டியும் தாய் வினிஃப்ரெட் ராஷன்புஷும் எழுத்தாளர்கள்; பொதுவுடைமைக் கட்சியோடு நெருங்கியிருந்து 1930களின் தொடக்கத்திலேயே விலகி, ஸ்டாலினை எதிர்த்த இடதுசாரிகளின் வட்டத்தில் வாழ்ந்தவர்கள். தாய்வழித் தாத்தா வால்டர் ராஷன்புஷ், கிறித்தவ நற்செய்தியைச் சமூக நீதியோடு இணைத்துப் பேசிய புகழ்பெற்ற இறையியலாளர். ஏழைகளுக்காகப் போராடுவதுதான் மனித வாழ்வின் பொருள் என்று நம்பிய வீட்டில் வளர்ந்த அந்தச் சிறுவனுக்கு, வடமேற்கு நியூ ஜெர்சியின் மலைகளில் பூக்கும் காட்டு ஆர்க்கிட் மலர்கள் மீது, எந்தச் சமூகப் பயனும் இல்லாத ஒரு பெரும் பித்து இருந்தது. நீதியின் மீதுள்ள பற்றையும் தனக்கு மட்டுமே உரிய இந்தப் பித்தையும் ஒரே பார்வைக்குள் கொண்டுவர முடியுமா என்ற ஏக்கமே தன்னைத் தத்துவத்துக்கு இழுத்தது என்று, 1992 இல் வெளியான 'டிராட்ஸ்கியும் காட்டு ஆர்க்கிட்களும்' என்ற தன்வரலாற்றுக் கட்டுரையில் அவர் எழுதியிருக்கிறார். (நூல், கட்டுரைத் தலைப்புகளை இங்கே தமிழாக்கியே தருகிறேன்.)

பதினைந்து வயதிலேயே சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பழைய பெருநூல்களை மூலத்திலிருந்தே படிக்க வைக்கும் பாடத்திட்டம் அப்போது அங்கே இருந்தது. தம் பெற்றோரின் வட்டத்தில் பெரிதும் மதிக்கப்பட்ட அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயியின் நடைமுறைவாதம் (ஒரு கருத்தை அதன் நடைமுறை விளைவுகளைக் கொண்டு மதிப்பிடும் போக்கு) சிகாகோ ஆசிரியர்கள் பலரால் ஆழமற்றது என்று ஒதுக்கப்படுவதை அவர் கண்டார்; இளமைக்கே உரிய வேகத்தில் தாமும் பிளேட்டோவின் பக்கம் சாய்ந்தார். சார்லஸ் ஹார்ட்ஸ்ஹார்னின் வழிகாட்டலில் தத்துவவாதி ஒயிட்ஹெட்டைப் பற்றி எழுதி 1952 இல் முதுகலைப் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் பால் வைஸ் நெறியாளராக இருக்க, உள்ளாற்றல் என்ற கருத்தைப் பற்றிய நீண்ட ஆய்வேட்டை எழுதி 1956 இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வேடு அரிஸ்டாட்டில், பதினேழாம் நூற்றாண்டின் பகுத்தறிவுவாதிகள், இருபதாம் நூற்றாண்டின் தருக்க அனுபவவாதிகள் ஆகிய மூன்று தரப்பினரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேச வைக்கிறது. வேறு வேறு காலத்துச் சொல்லாடல்களை அருகருகே வைத்துப் படிக்கும் பழக்கம், அவர் ஒப்பிலக்கியத் துறைக்குப் போவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே அவரிடம் குடிகொண்டிருந்தது.

இராணுவப் பணிக்குப் பிறகு வெல்லஸ்லி கல்லூரியில் மூன்று ஆண்டுகள் கற்பித்தார். 1961 இல், பண்டைக் கிரேக்கத் தத்துவ அறிஞரான கிரிகரி விளாஸ்டாஸ் அவரைப் பிரின்ஸ்டனுக்கு அழைத்துக்கொண்டார்.

பிரின்ஸ்டனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அன்றைய அமெரிக்கத் தத்துவத் துறைகளில் பகுப்பாய்வுத் தத்துவம் முழு ஆட்சிக்கு வந்துகொண்டிருந்தது. தருக்கமும் மொழிப் பகுப்பாய்வும்தான் தத்துவத்தின் கருவிகள். ஒரு சிக்கலைக் கூர்மையாக வரையறுத்து, குறுகிய கட்டுரையில் வாதாடி, எதிர்வாதத்தைச் சந்திப்பதே தத்துவ வேலை. பழைய தத்துவவாதிகளைப் படிப்பது வரலாற்று ஆர்வத்துக்கு உரியதேயன்றி, சிக்கலைத் தீர்ப்பதற்குக் கட்டாயமானதன்று. இந்த மனநிலையின் முதன்மைக் கோட்டைகளுள் ஒன்றாகப் பிரின்ஸ்டன் ஆகிக்கொண்டிருந்தது. வரலாற்று முறையில் பயின்று வந்த ரோர்ட்டி அங்கே தம்மை மறுபடியும் பயிற்றுவித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதை அவர் மிகத் திறம்படச் செய்தார். மனத்துக்கும் உடலுக்கும் உள்ள உறவைப் பற்றி 1965 இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பின்னாளில் நீக்கவாதப் பொருள்முதல்வாதம் என்று பெயர் பெற்ற நிலைப்பாட்டின் தொடக்ககால ஆவணங்களுள் ஒன்றாக இன்றும் படிக்கப்படுகிறது. நோய்க்குக் காரணம் பேய்கள் என்று பேசிய மக்கள் பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டதுபோல, நரம்பியல் போதுமான அளவு வளர்ந்துவிட்டால் வலி, உணர்வு என்று பேசுவதையும் நாம் விட்டுவிடக்கூடும் என்பது அதன் துணிச்சலான கருத்து. 1967 இல் அவர் தொகுத்த 'மொழித் திருப்பம்' என்ற தொகைநூல் பகுப்பாய்வுத் தத்துவத்தின் தன்விளக்க நூலாகவே நடைமுறையில் பயன்பட்டது. பகுப்பாய்வுத் தத்துவம் அவருக்குக் கைவராததால்தான் வெளியேறினார் என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் படிக்காதவர்கள் என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் அந்தத் தொகைநூலின் நீண்ட முன்னுரையைக் கவனமாகப் படிப்பவர் இன்னொன்றையும் காண்பார். தத்துவத்தை இனி ஒரு முறைப்படி நடக்கும் அறிவியலாக்கிவிட்டோம் என்று ஒவ்வொரு தலைமுறையும் புரட்சி செய்திருக்கிறது, ஒவ்வொரு புரட்சியும் தோற்றிருக்கிறது, ஏனெனில் ஒவ்வொரு முறையும் தன் முடிவுகளுக்கு ஏற்ற முன்முடிவுகளைத் தனக்குள் ஏற்கெனவே ஒளித்து வைத்திருக்கிறது என்று அதில் அவர் எழுதினார். பகுப்பாய்வுத் தத்துவத்தின் வெற்றியைக் கொண்டாட வேண்டிய இடத்திலேயே அதன் முடிவைப் பற்றிய ஐயமும் பதிவாகிவிட்டது.

இங்கே அமெரிக்கப் பல்கலைக்கழக அமைப்பைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு பேராசிரியரின் நிரந்தரப் பணி ஏதேனும் ஒரு துறையில் நிலைபெற்றிருக்கும். யாரைப் புதிதாக நியமிப்பது என்று அவர் வாக்களிப்பதும், எந்த ஆய்வு மாணவர்களை ஏற்பது, எந்தத் தேர்வை எழுத வைப்பது என்று முடிவு செய்வதும் அந்தத் துறைக்குள்தான். ஆகவே, எந்த நூல் தத்துவம், எந்த நூல் தத்துவம் அன்று என்ற கேள்விக்குப் பல சமயங்களில் துறையின் பாடத்திட்டமே விடை சொல்லிவிடுகிறது. 1960களிலும் 70களிலும் முன்னணித் தத்துவத் துறைகள் பலவற்றில் ஹெகலும் நீட்சேயும் ஹைடெக்கரும் பாடத்திட்டத்தின் ஓரத்திலேயே இருந்தார்கள். அவர்களை ஆர்வத்தோடு படித்தவர்கள் பிரெஞ்சு, ஜெர்மன், ஒப்பிலக்கியத் துறைகளில் இருந்தார்கள். அமெரிக்க ஒப்பிலக்கியத்தை வளர்த்தவர்களில் ஐரோப்பாவிலிருந்து வந்த பேரறிஞர்களுக்குப் பெரும் பங்கு உண்டு: நாஜி ஆட்சியால் பணி இழந்த லியோ ஸ்பிட்சர் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும், எரிக் அவர்பாக் யேலிலும் கற்பித்தார்கள், யேலின் ஒப்பிலக்கியத் துறையை உருவாக்கியவர் ரெனே வெல்லக். மொழி எல்லைகளைத் தாண்டிப் படிப்பதும், ஒரு கவிதையையும் ஒரு தத்துவ நூலையும் ஒரே கவனத்தோடு அணுகுவதும் அவர்களுக்கு இயல்பு. 1966 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த கருத்தரங்கில் ழாக் தெரிதா பேசிய பிறகு, புதிய பிரெஞ்சுச் சிந்தனை அமெரிக்காவுக்குள் நுழைந்த வாயிலும் இலக்கியத் துறைகளாகவே அமைந்தது.

1970களில் ரோர்ட்டியின் வாசிப்பு எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதை அவர் கட்டுரைகள் வெளியான இடங்களே காட்டுகின்றன. தொழில்முறைத் தத்துவத்தையும் எமர்சன் மரபையும் பற்றிய 1976 ஆம் ஆண்டுக் கட்டுரை ஓர் இலக்கியக் காலாண்டிதழில் வந்தது. தெரிதாவைப் பற்றிய 'தத்துவம் ஒருவகை எழுத்தாக' என்ற கட்டுரை 1978 இல் 'புதிய இலக்கிய வரலாறு' என்ற இதழில் வெளியானது. அந்த இதழ் வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலிருந்து வருவது; நான்கு ஆண்டுகள் கழித்து ரோர்ட்டி பணியேற்றதும் அதே பல்கலைக்கழகத்தில்தான். காண்ட் வழிவந்த மரபு எழுத்தைத் தவிர்க்க முடியாத ஒரு துன்பமாகக் கருதுகிறது. உண்மையைக் காட்டிவிட்டு எழுத்து விலகிவிட வேண்டும் என்பது அதன் ஆசை. ஹெகல் வழிவந்த மரபுக்கோ எழுத்திலிருந்து மேலும் எழுத்து பிறப்பது இயல்பானது. தெரிதா இந்த இரண்டாவது மரபில் வருபவர் என்று அக்கட்டுரை நிறுவுகிறது. தெரிதாவைப் புரியாத பிதற்றல் என்று ஒதுக்கிய பகுப்பாய்வுத் தத்துவவாதிகளுக்கு நடுவிலிருந்து, அவர்களுக்கும் விளங்கும் தெளிவான நடையில், அவரைத் தத்துவ வரலாற்றுக்குள் பொருத்திக் காட்டியது மிக அரிய செயல். ரோர்ட்டியின் கட்டுரைகளில் நான் மிக அதிகம் மதிப்பது இதையே.

1979 இல் 'தத்துவமும் இயற்கையின் கண்ணாடியும்' வெளிவந்தது. மனம் என்பது வெளியுலகைப் பிரதிபலிக்கும் ஒரு கண்ணாடி, அறிவு என்பது அதில் விழும் துல்லியமான பிம்பம், தத்துவத்தின் வேலை அந்தக் கண்ணாடியைச் சோதித்துத் துலக்குவது என்ற உருவகம் டெகார்ட், லாக், காண்ட் ஆகியோர் வழியாக நவீனத் தத்துவத்தையே பிடித்து வைத்திருக்கிறது என்பது நூலின் மையவாதம். இந்த உருவகத்தைத் தகர்க்க அவர் எடுத்துக்கொண்ட கருவிகள் பகுப்பாய்வுத் தத்துவத்தின் சொந்தக் கருவிகளே. புலனனுபவம் எதுவும் கருத்துகளின் துணையின்றித் தானாகவே அறிவாகிவிடாது என்று வில்ஃப்ரெட் செல்லர்ஸ் 1956 இல் காட்டியிருந்தார். சொற்பொருளால் மட்டும் உண்மையாகும் கூற்றுகளையும் உலக நிலையால் உண்மையாகும் கூற்றுகளையும் கறாராகப் பிரிக்க இயலாது என்று குவைன் 1951 இல் காட்டியிருந்தார். இரண்டு வாதங்களையும் அவரவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தாமல் ஒன்றாகச் சேர்த்து இறுதிவரை கொண்டுபோனால், அறிவுக்கு அடித்தளம் தேடும் துறை என்ற ஒன்றே தேவையற்றதாகிவிடும் என்பது ரோர்ட்டி எடுத்த முடிவு. ஒரு கூற்றை நியாயப்படுத்துவது என்பது மனிதர்களுக்கு இடையே நடக்கும் காரணம் கேட்டலும் காரணம் சொல்லலுமே. அதற்குப் பின்னால், உரையாடலுக்கு அப்பால் நின்று தீர்ப்பளிக்கும் மேல்நீதிமன்றம் எதுவும் இல்லை.

நூலின் கடைசிப் பகுதி தத்துவத்துக்கு எஞ்சியிருக்கும் வேலையைக் கேட்கிறது. டூயி, ஹைடெக்கர், விட்கென்ஸ்டைன் ஆகிய மூவரையும் முன்மாதிரிகளாக வைத்து, அமைப்புகளைக் கட்டும் தத்துவவாதிகள் ஒருபுறம், நம்மைப் பழைய சொல்லாடல்களிலிருந்து விடுவித்து வளர்க்கும் தத்துவவாதிகள் மறுபுறம் என்று அவர் பிரிக்கிறார். இரண்டாவது வகையினரின் நோக்கம் மானுட உரையாடல் நின்றுபோகாமல் தொடரச் செய்வது. இதை ஏற்றுக்கொண்டால், தத்துவப் பேராசிரியருக்கு நாவலாசிரியரையோ திறனாய்வாளரையோ வரலாற்றாளரையோவிட உயர்ந்த இடம் எதுவும் இல்லை. அவரும் அந்த உரையாடலில் குரல் கொடுக்கும் பலருள் ஒருவர். தத்துவத் துறையின் உள்ளிருந்து எழுதப்பட்ட இந்த நூல், அந்தத் துறையின் தனியுரிமையை அதன் சொந்த வாதங்களாலேயே மறுத்தது. அது எழுப்பிய சீற்றத்துக்கு அதுவே காரணம். வெளியிலிருந்து வந்த தாக்குதலாக இருந்திருந்தால் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்.

அதே ஆண்டு அவர் அமெரிக்கத் தத்துவச் சங்கத்தின் கிழக்குப் பிரிவுக்குத் தலைவராகவும் இருந்தார். பகுப்பாய்வுத் தத்துவவாதிகளே சங்கத்தின் பதவிகளையும் கருத்தரங்க அமர்வுகளையும் நிறைத்துக்கொள்கிறார்கள் என்று மனம் வெதும்பியிருந்த நடைமுறைவாதிகளும் ஐரோப்பியச் சிந்தனை மரபினரும் மீப்பொருளியலாளர்களும் 1979 டிசம்பர் கூட்டத்தில் ஒன்றுதிரண்டு தங்கள் வேட்பாளருக்கு வாக்களித்தார்கள். பன்மைவாதிகளின் கிளர்ச்சி என்று அது பெயர் பெற்றது. வாக்கெடுப்பு செல்லுமா என்ற பூசல் எழுந்தபோது, தலைமை வகித்த ரோர்ட்டி அது செல்லும் என்று முடிவு சொன்னார். அவருடைய தலைமையுரையோ, உண்மை என்பதற்கு ஒரு சாரம் உண்டு, அதைப் பற்றிக் கோட்பாடு வகுக்கலாம் என்ற எண்ணத்தையே விடச் சொல்லும் நடைமுறைவாதப் பிரகடனமாக இருந்தது. பகுப்பாய்வு மரபின் வாரிசு என்று கருதப்பட்ட ஒருவர், சங்கத்தின் உச்சப் பதவியில் அமர்ந்தபடி, மறு அணியின் குறையை நியாயமானதாக ஏற்றுக்கொண்டதைப் பலரால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அவர் அணி மாறினார் என்று சொல்வது பொருந்தாது. ஹைடெக்கரைப் பாதுகாத்த அதே வேகத்தில் பகுப்பாய்வு மரபினரான குவைனையும் செல்லர்ஸையும் டேவிட்சனையும் அவர் கடைசிவரை பாதுகாத்தார்.

பிரின்ஸ்டனிலிருந்து அவரை யாரும் வெளியேற்றவில்லை. நிரந்தரப் பணியில் இருந்தவர் அவர். புகழின் உச்சியில் இருந்தவரும் கூட. 1981 இல் மெக்ஆர்தர் நல்கை முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர். வேறொரு தத்துவத் துறைக்குப் போயிருக்க முடியாதா என்றால், அவருடைய நிலைப்பாட்டிலிருந்து பார்க்கும்போது அது பொருளற்ற இடமாற்றமாக இருந்திருக்கும். 1982 இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அவர் ஏற்றது இலக்கியம், வரலாறு, தத்துவம் முதலிய மானுடக் கல்விப் புலம் முழுவதற்குமான பேராசிரியர் பதவி. எந்த ஒரு தனித் துறைக்கும் கட்டுப்படாதது. ஹைடெக்கர் பாடத்தை இலக்கிய மாணவர்களுக்கு எடுக்கலாம், ஃப்ராய்டைப் பற்றிப் பேசலாம், தத்துவத் துறையின் நியமனச் சண்டைகளில் கலந்துகொள்ள வேண்டியதில்லை. அந்த ஆண்டே வெளியான 'நடைமுறைவாதத்தின் விளைவுகள்' என்ற கட்டுரைத் தொகுப்பு, இந்தப் பதவி மாற்றத்துக்கான நீண்ட விளக்கவுரையாகவே படிக்கத் தக்கது.

வர்ஜீனியாவில் கழித்த பதினாறு ஆண்டுகளின் முதன்மைப் படைப்பு 1989 இல் வந்த 'தற்செயல், முரண்நகை, தோழமை'. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியிலும் அவர் நிகழ்த்திய உரைகளிலிருந்து வளர்ந்த நூல் இது. சிறு வயதில் அவரை வாட்டிய கேள்விக்கு இதில் விடை கிடைக்கிறது: நீதியையும் காட்டு ஆர்க்கிட்டையும் ஒரே பார்வைக்குள் அடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தன்னைத் தானே புதிதாகப் படைத்துக்கொள்ளும் அகவாழ்வுக்கு ஒரு சொல்லாடல் போதும். பிறர் துன்பத்தைக் குறைக்கும் பொதுவாழ்வுக்கு இன்னொரு சொல்லாடல் போதும். இரண்டையும் இணைக்கும் ஒரு கோட்பாட்டைத் தேடுவதே பிளேட்டோ விட்டுச்சென்ற சுமை. ப்ரூஸ்ட், நீட்சே, தெரிதா முதலியோரை அவர் அகவாழ்வின் பக்கத்திலும், நாவலாசிரியர்களான நபக்கோவையும் ஆர்வெலையும் கொடுமையைப் பற்றி நமக்குக் கற்பிப்பவர்களாகப் பொதுவாழ்வின் பக்கத்திலும் வைத்தார். மனிதர் அனைவருக்கும் பொதுவான ஒரு சாரத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் தோழமை பிறக்கும் என்பதில்லை. அந்நியராகத் தெரிந்தவரின் வலியை நுணுக்கமாகக் கற்பனை செய்யக் கற்றுக்கொள்ளும்போது அது உண்டாக்கப்படுகிறது. இந்த வேலையை அறநூல்களைவிட நாவல்களும் இனவரைவியல் நூல்களும் இதழியல் எழுத்துகளுமே நன்றாகச் செய்கின்றன என்பது அவர் வாதம்.

நபக்கோவைப் பற்றிய அத்தியாயம் இவற்றில் தனித்து நிற்பது. 'லோலிட்டா' நாவலில் ஒரு முடிதிருத்துபவர் கதைசொல்லியான ஹம்பர்ட்டுக்கு முடி வெட்டிக்கொண்டே தம் மகனைப் பற்றி ஓயாமல் பேசுகிறார். அந்த மகன் இறந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதை ஹம்பர்ட் கடைசியில்தான் உணர்கிறான். நாவலில் ஒரே ஒரு வாக்கியத்தில் கடந்துவிடும் இந்தச் செய்தியை ரோர்ட்டி அந்த நாவலின் திறவுகோலாகக் கொள்கிறார். பிறர் துன்பம் தன் மோகத்துக்குத் தொடர்பில்லாதது என்பதால் அதைக் கவனிக்கவே செய்யாத ஒருவகைக் கொடுமை இருக்கிறது. அழகுணர்வு மிக்கவர்களிடம் அது எளிதில் குடியேறும். வாசகரும் முதல் வாசிப்பில் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பதால் அவரும் அதில் பங்குபெற்றுவிடுகிறார். ஒரு பொதுக் கருத்தை நிறுவுவதற்காக நாவலை மேற்கோளாக்குவது வேறு. நாவலின் ஒரு வரியில் நின்று ஒரு கருத்தைக் கண்டடைவது வேறு. இந்த அத்தியாயத்தில் ரோர்ட்டி இரண்டாவதைச் செய்கிறார். எல்லா இடத்திலும் அவர் இப்படிச் செய்ததாகச் சொல்ல முடியாது. பல கட்டுரைகளில் இலக்கியப் படைப்புகள் வெறும் பெயர்களாகவே வந்துபோகின்றன. உருவம், ஓசை, மொழியின் வரலாறு ஆகியவற்றில் ஊறிய ஒப்பிலக்கிய அறிஞருக்கு அது நிறைவு தராது. அந்தக் குறை உண்மையானது.

அவர் கொடுத்த விலை என்று நான் முதலில் குறிப்பிட்டது மாணவர் வழிமரபைப் பற்றியது. பிரின்ஸ்டனில் அவரிடம் பயின்றவர்களில் ராபர்ட் பிராண்டம் 1977 இலும் கார்னெல் வெஸ்ட் 1980 இலும் முனைவர் பட்டம் பெற்றார்கள். அறிவாய்வியலில் பெயர் பெற்ற மைக்கேல் வில்லியம்ஸும் அவர் மாணவரே. காரணம் கேட்டலும் சொல்லலுமே பொருளை உண்டாக்குகின்றன என்ற கருத்தை விரிவான ஒரு மொழித் தத்துவமாகக் கட்டியெழுப்பிய பிராண்டமின் 1994 ஆம் ஆண்டு நூல், ரோர்ட்டி 1979 இல் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. துறைக்குள் இருந்து ஆய்வு மாணவர்களை வருடக்கணக்கில் வளர்த்ததால் கிடைத்த பலன் இது. 1982 க்குப் பிறகு உலகெங்கும் அவருக்கு வாசகர்கள் பெருகினார்கள். ஆனால் தத்துவத் துறைகளில் வேலைக்குப் போகக்கூடிய, அவர் கையால் பயிற்றுவிக்கப்பட்ட தத்துவ ஆய்வாளர்களின் வரிசை முன்புபோல் தொடரவில்லை. தத்துவத்துக்குத் தனி முறை இல்லை என்று நம்புபவர் அதைக் கற்பிக்கும் மாணவர் குழுவை உண்டாக்க முயலாதது பொருத்தமே. ஆயினும் அந்தப் பொருத்தத்தால் தத்துவத் துறைகளே வறுமையடைந்தன என்பது என் கருத்து. அவரை எதிர்த்து வாதாட வேண்டிய கட்டாயம் நாள்தோறும் உடன் பணியாற்றும் சக ஆசிரியர்களுக்கு இல்லாமல் போய்விட்டது.

1998 இல் அவர் ஸ்டான்ஃபோர்டுக்குச் சென்றபோது ஒப்பிலக்கியத் துறையில் இடம் பெற்றார். பதவியின் பெயர் என்னவாக இருக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, நவநாகரிக ஆய்வுகளின் தற்காலிகப் பேராசிரியர் என்று வைத்துக்கொள்ளலாமே என்று அவர் வேடிக்கையாகச் சொன்னது பலரும் அறிந்த செய்தி. பெயரைப் பற்றி அவருக்குக் கவலை இருக்கவில்லை. எந்த நூலையும் எந்த நூலோடும் சேர்த்துப் படிக்கும் உரிமை இருந்தால் போதும். ஆனால் புதிய வீட்டை அவர் புகழ்ந்துகொண்டு உள்ளே நுழையவில்லை. அதே 1998 இல் வெளியான 'நம் நாட்டை எய்துதல்', இலக்கியத் துறைகளில் வேரூன்றிய பண்பாட்டு இடதுசாரிகளைக் கடுமையாக விமர்சித்தது. கூலி, தொழிற்சங்கம், சட்டம் பற்றிய போராட்டங்களை விட்டுவிட்டு அடையாளமும் கோட்பாடும் மட்டுமே பேசுவது இடதுசாரி அரசியலைப் பார்வையாளர் நிலைக்குத் தள்ளிவிடுகிறது என்றார். நூலின் பின்னிணைப்பாக வரும் ஒரு கட்டுரை, பெரும் இலக்கியத்தைக் கண்டு வியப்படையும் திறனை இலக்கிய மாணவர்கள் இழந்துவருகிறார்கள், எல்லாம் எங்களுக்குத் தெரியும் என்ற இறுமாப்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று வருந்துகிறது. பகுப்பாய்வுத் தத்துவம் மானுடக் கல்வியிலிருந்து விலகி அறிவியலின் சாயலைத் தேடிப்போன அதே வழியில் இலக்கியத் துறையும் போய்விடக்கூடும் என்று அவர் அஞ்சினார். தத்துவத் துறையில் அவர் வெறுத்த தன்னிறைவை இலக்கியத் துறையிலும் அவர் வெறுத்தார் என்பதே, அவர் கட்சி மாறியவர் அல்லர் என்பதற்கு நான் காட்டும் வலுவான சான்று.

இத்தகைய பாதையில் நடந்தவர் அவர் மட்டும் அல்லர். தெரிதா 1980களின் நடுவிலிருந்து கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் ஆண்டுதோறும் கற்பித்தார். யேலில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஜூடித் பட்லர் பெர்க்லியில் அணியியல், ஒப்பிலக்கியத் துறைகளில் பணியாற்றினார். மார்த்தா நுஸ்பாம் பிரவுன் பல்கலைக்கழகத்தில் தத்துவம், செவ்வியல், ஒப்பிலக்கியம் மூன்றிலும் கால் ஊன்றியிருந்தார். ஸ்டான்லி கேவல் ஷேக்ஸ்பியரையும் ஹாலிவுட் திரைப்படங்களையும் பற்றி எழுதியபடியே ஹார்வர்டின் தத்துவத் துறையை விட்டு அசையாமல் இருந்தார். இலக்கியத்தைத் தத்துவத்துக்கு உள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்பதற்குக் கேவலின் வாழ்வு சான்று. ஆகவே ரோர்ட்டியின் வழி தவிர்க்க முடியாத வழி அன்று. கேவல் தத்துவத்தைத் தனக்கே உரிய ஒரு குரலாகத் தக்கவைக்க விரும்பினார். ரோர்ட்டி அந்தத் தனிக்குரலையே பொதுப் பேச்சில் கரைத்துவிட விரும்பினார். பதவிகள் வேறுபட்டது இதனால்தான்.

ரோர்ட்டி 2005 இல் ஓய்வு பெற்று, 2007 ஜூன் 8 அன்று கணையப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய கடிதங்களும் கையெழுத்துப் படிகளும், கணினி நெகிழ்வட்டுகளில் இருந்த கோப்புகள் உட்பட, தெரிதாவின் ஆவணங்களும் இருக்கும் அர்வைன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இந்த மாற்றத்தை அவர் எழுத்திலேயே பின்தொடர விரும்புபவர் 1979 ஆம் ஆண்டுப் பெருநூலை முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் பரிந்துரை. அதன் நடுப்பகுதி பகுப்பாய்வுத் தத்துவப் பயிற்சி இல்லாதவரைக் களைப்படையச் செய்துவிடும். முதலில் 'டிராட்ஸ்கியும் காட்டு ஆர்க்கிட்களும்', அடுத்து தெரிதாவைப் பற்றிய 1978 ஆம் ஆண்டுக் கட்டுரை, பிறகு 1989 ஆம் ஆண்டு நூலில் நபக்கோவ், ஆர்வெல் அத்தியாயங்கள் என்று படித்துவிட்டு, அதன் பின் பெருநூலின் மூன்றாம் பகுதிக்கு வந்தால் வாதத்தின் போக்கு தெளிவாக விளங்கும். செல்லர்ஸையும் குவைனையும் அவர் எப்படிக் கையாண்டார் என்ற ஐயம் அப்போது தானாகவே எழும்; முன்பாதியைப் படிப்பதற்கு அதுவே தக்க நேரம்.